ஸ்பீக்கரைக் கொல்லும் நேர்மின்சாரம்

தமிழில் ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்துவிட்டோம். இலக்கணப்படி குறையொன்றும் இல்லை. இயற்பியல்படி அந்தப் பெயர் பொருந்தாது. ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 100 வாட் மின்சாரம் கொடுத்தால் ஏறக்குறைய 1 வாட்தான் ஒலியாக வெளியே வரும். மீதி 99 வாட்டும் வெப்பமாக அதன் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடும். பெருக்குகிற வேலையைச் செய்வது ஆம்ப்ளிஃபயர். அதைப் 'பெருக்கி' என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் துடைப்பத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் என்றே எழுதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அந்த 99 வாட் வெப்பம்தான் இந்தக் கட்டுரையின் வில்லன்.

வெளிநாட்டில் கணினி வேலை பார்க்கும் நம்மவர்களில் சிலருக்கு வார இறுதியில் சால்டரிங் இரும்பைக் கையில் எடுக்கும் பழக்கம் உண்டு. வாரம் முழுக்க, தொட்டுப் பார்க்க முடியாத ஒன்றை எழுதிக்கொண்டிருப்பவனுக்குச் சனிக்கிழமையாவது எடையுள்ள ஒரு பொருளைச் செய்து பார்க்கும் ஆசை வருவது இயல்புதானே. எல்.எம்.3886, டி.டி.ஏ.7294 போன்ற சில்லுகளில் ஒரு முழு ஆம்ப்ளிஃபயரே அடங்கியிருக்கிறது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடுகள், நான்கைந்து பெரிய கெபாசிட்டர்கள், ஒரு அலுமினியப் பெட்டி. இரண்டு வார இறுதிகளில் வேலை முடிந்து, கடையில் வாங்கியதற்குச் சற்றும் குறையாத இசை வந்துவிடும். இது மிகையல்ல, இந்தச் சில்லுகள் உண்மையிலேயே நன்றாக வடிவமைக்கப்பட்டவை.

இப்படி ஒன்றைச் செய்த என் நண்பர் ஒருவர் ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். எழுபதுகளில் தயாரான ஒரு ஜோடி ஸ்பீக்கர்களை அவர் தேடிப் பிடித்து வாங்கி வைத்திருந்தார். செய்த நிறுவனம் இன்று இல்லை. மாற்று வூஃபரும் கிடைக்காது. ஒரு வயலின் கச்சேரியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது இடது பக்கம் திடீரென்று 'டம்' என்றொரு சத்தம். பிறகு மௌனம். எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் அரக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகும் நாற்றம். வூஃபரின் கோன் உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. அவசரமாக ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறார். நான் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது ஒரு ஃப்யூஸ் அறுந்திருந்தது, இன்னொன்று நன்றாக இருந்தது.

"ஃப்யூஸ்தான் போட்டிருந்தேனேடா, அப்புறம் எப்படி?" என்றார்.

நியாயமான கேள்வி. ஃப்யூஸ் போட்டிருந்ததும் அவருடைய வூஃபர் சாவதற்கு ஒரு காரணம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. அதை விளக்கவேண்டுமானால் ஸ்பீக்கருக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

இன்று நாம் வைத்திருக்கும் ஸ்பீக்கரின் அடிப்படை வடிவம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை. காந்தத்தின் குறுகிய இடுக்கில் மெல்லிய கம்பியாலான ஒரு சுருள் தொங்குகிறது. அதில் மின்னோட்டம் ஒரு திசையில் போனால் சுருள் முன்னே நகரும். எதிர்த்திசையில் போனால் பின்னே. சுருளோடு ஒட்டிய காகிதக் கோன் காற்றைத் தள்ளுகிறது, இழுக்கிறது. இசை என்பது மின்சாரத்தின் மொழியில் இந்த முன்னும் பின்னும்தான். எவ்வளவு உரத்த இசையாக இருந்தாலும் ஒரு நொடி நேரத்துக்குக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இதற்குப் பதிலாக ஒரே திசையில் நிற்காமல் பாயும் நேர்மின்னோட்டத்தை, அதாவது டிசியைக் கொடுத்தால்? கோன் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். அசைவில்லை, எனவே சத்தமும் இல்லை. இசை ஓடும்போது சுருள் மேலும் கீழும் அசைந்து இடுக்கில் இருக்கும் காற்றை விசிறிக்கொள்கிறது. சுற்றியுள்ள இரும்பும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. டிசி வந்தால் விசிறி நின்றுவிடும். சுருளின் ஒரு பகுதி இடுக்கை விட்டு வெளியே வந்துவிடுவதால் இரும்பின் அரவணைப்பும் போய்விடும்.

கணக்கைப் பார்ப்போம். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரின் சுருளை மல்ட்டிமீட்டரால் அளந்தால் 6 ஓமுக்குச் சற்று மேல் காட்டும், 6.3 என்று வைத்துக்கொள்வோம். நண்பரின் ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த மின்னழுத்தம் 35 வோல்ட். 35-ஐ 6.3-ஆல் வகுத்தால் 5.6 ஆம்பியர். வாட்டில் சொன்னால் 194. விரல் தடிமன்கூட இல்லாத இடைவெளிக்குள் தொங்கும் ஒரு கம்பிச் சுருளில், ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டிக்குச் சமமான சூடு, நிறுத்தாமல். சூடேறச் சூடேறச் செம்பின் மின்தடையும் கூடும் (200 டிகிரி கூடினால் ஏறக்குறைய 1.8 மடங்கு), அதனால் மின்னோட்டம் கொஞ்சம் குறையும். இயற்கை தரும் இந்தச் சலுகை போதாது. சில நொடிகளில் கம்பியின் மேற்பூச்சும் பசையும் கருகத் தொடங்கும். கோன் காகிதமாக இருந்து, பெட்டிக்குள் பஞ்சும் இருந்தால் தீப்பிடிப்பதற்கும் வாய்ப்பு உண்டு. பழைய ஸ்பீக்கரின் விலையைவிட இதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். ஆம்ப்ளிஃபயரை ஓடவிட்டுவிட்டு அடுத்த அறையில் குழந்தையைத் தூங்கவைக்கப் போகிறவர்கள் நாம்.

ட்வீட்டர் பெரும்பாலும் தப்பித்துவிடும். கிராஸோவரில் அதற்கு முன்னால் நிற்கும் கெபாசிட்டர் டிசியை உள்ளே விடாது. வூஃபருக்கு முன்னால் இருப்பதோ கம்பிச் சுருள். டிசிக்கு அது திறந்த கதவு.

சரி, இந்த டிசி எங்கிருந்து வருகிறது? வால்வு காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் டிசியைக் கடத்தாது. திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர்களுக்கு 100 வோல்ட் லைனில் ஒலியை அனுப்பும் மைக்செட்டிலும் இதே கதைதான். பிறகு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் வந்தபோது ஒற்றை மின்வழங்கியில் வேலை செய்தன. வெளிவாயில் எப்போதும் மின்வழங்கியின் பாதி மின்னழுத்தம் நிற்கும். அதை ஸ்பீக்கருக்குப் போகவிடாமல் தடுக்க 1000, 2200 மைக்ரோஃபாரட் என்று ஒரு பெரிய கெபாசிட்டர் வாசற்காவலனாக நின்றது. ஆம்ப்ளிஃபயர் செத்தாலும் ஸ்பீக்கர் பிழைத்துக்கொள்ளும்.

அந்தக் காவலனை வேலையிலிருந்து நீக்கியவர்கள் ஹைஃபை ரசிகர்கள். கெபாசிட்டர் ஆழ்ந்த தாழ்சுருதி ஒலியைக் குறைக்கிறது, உருக்குலைக்கிறது என்றார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆகவே இரட்டை மின்வழங்கி வந்தது: கூட்டல் 35 வோல்ட், கழித்தல் 35 வோல்ட், நடுவில் பூஜ்யம். ஆம்ப்ளிஃபயரின் வெளிவாய், இரண்டு அணிகள் கயிறு இழுக்கும் போட்டியில் நடுவில் கட்டிய கைக்குட்டை மாதிரி. ஒரு அணி மேலே இழுக்கிறது, மற்றது கீழே. இசை இல்லாதபோது கைக்குட்டை சரியாகப் பூஜ்யத்தில் நிற்கும். கெபாசிட்டரே வேண்டாம், ஸ்பீக்கரை நேரடியாக இணைத்துவிடலாம். ஏட்டில் பார்க்க மிக அழகு. இரண்டு அணிகளும் களத்தில் இருக்கும்வரை.

ஒரு அணி கயிற்றை விட்டால் என்ன ஆகும்? எதிர்மறைப் பக்கத்து ஃப்யூஸ் அறுந்ததாக வைத்துக்கொள்வோம். வெளிவாய் மேலே ஏறத் தொடங்குகிறது. ஆம்ப்ளிஃபயரின் பின்னூட்டச் சுற்று இதைக் கவனித்துக் "கீழே இழு" என்று உத்தரவு போடுகிறது. இழுப்பதற்கு அங்கே ஆள் இல்லை. பல சுற்றுகளில், மேலே இழுக்கும் டிரான்சிஸ்டர்களைத் தடுத்துப் பிடிக்கும் பகுதியே எதிர்மறை வழங்கியை நம்பித்தான் இருக்கும். அதுவும் போனபின் வெளிவாய் நேராக கூட்டல் 35-க்குப் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லாச் சுற்றுகளும் இப்படி நடப்பதில்லை. சில பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே சாதுவாக நின்றுவிடும், அதே சுற்று மறுபக்கத்து ஃப்யூஸ் போனால் சாதுவாக இருக்காது. நம் சுற்று எந்த வகை என்று அதிர்ஷ்டத்தை நம்பி ஸ்பீக்கரை மாட்டிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் இரண்டு பக்கமும் 5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டிருந்தார். ஒன்று, சுவிட்ச் போடும்போதெல்லாம் விழும் அடியில் களைத்துப்போய், ஒருநாள் அறுந்தது. உடனே வெளிவாய் மறுபக்கத்துக்குச் சாய்ந்தது. ஸ்பீக்கர் வழியாக 5.6 ஆம்பியர் பாய்ந்தது. மிச்சமிருந்த 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஏன் சும்மா இருந்தது?

ஃப்யூஸைப் பற்றி நம்மில் பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு: 5 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 5.1 ஆம்பியரில் அறுந்துவிடும் என்று. 20 மில்லிமீட்டர் கண்ணாடி ஃப்யூஸ்களுக்கான ஐ.இ.சி. 60127 தரநிர்ணயத்தைப் படித்தால் மயக்கம் தெளியும். எழுதியிருக்கும் அளவைப்போல் 1.5 மடங்கு மின்னோட்டத்தை அது ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும். 2.1 மடங்கு போனால், வேகமாக அறுவது என்று பெயர் பெற்ற வகைக்கே, 30 நிமிடம் வரை அவகாசம் உண்டு. அமெரிக்கத் தரம் சற்றுக் கண்டிப்பானது: 135 சதவீதத்தில் ஒரு மணி நேரத்துக்குள் அறுந்தால் போதும். நண்பரின் ஃப்யூஸில் ஓடியது 112 சதவீதம். எந்த நாட்டுச் சட்டப்படி பார்த்தாலும் அது அறுந்திருக்கக் கூடாது, அறவில்லை. பாவம், அதன்மேல் தப்பே இல்லை. சுருள் உருகி உள்ளுக்குள் குறுக்கிணைப்பு ஏற்பட்ட பிறகு வேண்டுமானால் அறுந்திருக்கும். அது பிரேதப் பரிசோதனைக்கு மட்டுமே உதவும்.

ஃப்யூஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால், வீட்டு மின்சாரம் உள்ளே வரும் இடத்தில், ஒன்று கட்டாயம் வேண்டும். அது வீடு எரியாமலிருக்க. உள்ளே இரண்டு பக்கமும் போடும் ஃப்யூஸ்கள் கம்பிகளையும் சர்க்யூட் போர்டையும் காக்க. ஸ்பீக்கரைக் காப்பது இவற்றின் வேலை அல்ல, அந்த வேலைக்கு இவை தகுதியும் உடையவை அல்ல. ஸ்பீக்கர் கம்பியிலேயே சின்ன ஃப்யூஸ் ஒன்றைத் தொடராகப் போடும் பழக்கமும் இருந்தது. தாழ்சுருதி ஒலியின் போக்குக்கேற்ப அந்த ஃப்யூஸ் கம்பி சூடாகி ஆறி, அதன் மின்தடை மாறி, இசையைக் கெடுக்கும். நல்ல சுற்றைச் செய்துவிட்டு அதன் வாசலில் இப்படி ஒரு திருஷ்டிப் பூசணிக்காயை வைப்பானேன்.

ஃப்யூஸ் மட்டும்தான் அறுந்துபோகும் என்றில்லை. சரியாகப் பற்றவைக்காத ஒரு இணைப்பு, டயோடு ஒன்று திறந்துகொள்வது, கெபாசிட்டரின் திருகு தளர்வது, எல்லாவற்றுக்கும் விளைவு ஒன்றே. இவற்றில் மோசமானது நடுக்கம்பி, அதாவது பூஜ்யத்துக்கான கம்பி கழன்றுகொள்வது. அப்போது ஆம்ப்ளிஃபயர் பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் புள்ளி எங்கோ மிதந்துபோய்விடும். ஸ்பீக்கரின் மறுமுனை உண்மையான பூஜ்யத்தில் இருக்கும். இரண்டு அணிகளும் உண்மையாக இழுக்கின்றன, மைதானம்தான் நகர்ந்துவிட்டது. எனவே பூஜ்யக் கம்பிகளுக்கு ப்ளக் வேண்டாம். போல்ட் நட்டுப் போட்டு முறுக்குங்கள்.

இனி வைத்தியம். ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒரு ரிலே. டிசி வந்தால் ரிலே கம்பியைத் துண்டிக்க வேண்டும். இவ்வளவுதான் யோசனை. ஆனால் தாழ்சுருதி இசைக்கும் டிசிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி? 20 ஹெர்ட்ஸில் ஆர்கனின் பெருங்குழாய் ஒலி வந்தால், வெளிவாய் 25 மில்லிசெகண்டுக்கு மேலேயே நிற்கும். அதைப் பார்த்துப் பதறி ரிலே விழுந்தால் கச்சேரி கேட்க முடியாது.

இதற்கு 22 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 50 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போதும். (100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டை முதுகோடு முதுகாகச் சேர்த்தால் 50 கிடைக்கும், டிசி எந்தத் திசையில் வந்தாலும் தாங்கும்.) இந்த ஜோடியின் கால மாறிலி 1.1 நொடி. 20 ஹெர்ட்ஸில் 30 வோல்ட் உச்சம் வந்தாலும் கெபாசிட்டரில் 0.22 வோல்ட்தான் ஏறும். ரிலேயை விழவைக்கும் டிரான்சிஸ்டர்கள் 1 வோல்ட்டில் விழித்துக்கொள்வதாக அமைத்தால், இசை அவற்றை எழுப்பாது. 35 வோல்ட் டிசி வந்தாலோ, 32 மில்லிசெகண்டில் 1 வோல்ட்டைத் தொட்டுவிடும். கால மாறிலி ஒரு நொடி, ஆனால் செயல்படுவது அதன் முப்பதில் ஒரு பங்கில்! வெறும் 2 வோல்ட் டிசி வந்தால் இதே சுற்று முக்கால் நொடி எடுத்துக்கொள்ளும். ஆனால் 2 வோல்ட்டில் சுருளுக்குப் போவது 0.6 வாட். அவசரமே இல்லை. ஆபத்து பெரிதானால் வேகம் கூடுகிறது, சிறிதானால் நிதானம். இரண்டே உதிரிப் பாகங்களில் இப்படி ஒரு விவேகம் தானாக அமைந்துவிடுவதைப் பார்க்கும்போது, ஆயிரம் வரி நிரல் எழுதி இதே விவேகத்தைக் கொண்டுவரப் பாடுபடும் என் போன்றவர்களுக்குப் பொறாமை வருகிறது.

பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ரிலேயைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதன் முதுகில் '10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி' என்று பெரிதாகவும், '30 வோல்ட் டிசி' என்று சிறிதாகவும் எழுதியிருக்கும். ஏன் இத்தனை வித்தியாசம்? தொடுமுனைகள் பிரியும்போது நடுவில் ஒரு மின்பொறி நிற்கும். ஏசி ஒவ்வொரு அரைச் சுழற்சிக்கும் பூஜ்யத்தைத் தொடுவதால் அந்தப் பொறி தானாக அணைந்துவிடும். டிசிக்குப் பூஜ்யமே கிடையாது. 50, 60 வோல்ட் ஆம்ப்ளிஃபயரில் தொடுமுனைகள் பிரிந்தபின்னும் அந்தச் சின்ன இடைவெளியில் நெருப்புப் பாலம் எரிந்துகொண்டே, ஸ்பீக்கருக்கு மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். ரிலே விழுந்த சத்தம் கேட்கும், ஸ்பீக்கரும் எரியும். ஆஸ்திரேலியாவின் ராட் எலியட் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. மாற்றுத் தொடுமுனை உள்ள ரிலேயை எடுத்து, அசையும் முனையை ஸ்பீக்கருக்கும், ரிலே உயிரோடிருக்கும்போது தொடும் முனையை ஆம்ப்ளிஃபயருக்கும், ஓய்வில் தொடும் முனையைப் பூஜ்யத்துக்கும் இணைக்க வேண்டும். ரிலே விழுந்தால் ஸ்பீக்கரின் இரு முனைகளும் ஒன்றாகிவிடும். பொறி தொடர்ந்து எரிந்தாலும் அதன் மின்னோட்டம் ஸ்பீக்கரைச் சுற்றிக்கொண்டு நேரே பூஜ்யத்துக்குப் போகும். தடுக்க 6 ஓம் சுருள் இல்லாததால் இப்போது மின்னோட்டம் பல மடங்கு ஏறும். இந்த நிலையில்தான் உள்ளிருக்கும் ஃப்யூஸுக்குத் தன் வேலையைச் செய்ய வாய்ப்புக் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயர் போகலாம். போகட்டும், அதை மறுபடி செய்துகொள்ளலாம்.

ரிலேச் சுருளுக்குக் குறுக்கே எல்லோரும் போடும் டயோடு, ரிலே விழுவதைத் தாமதப்படுத்தும். டயோடோடு ஒரு ஜீனரையும் தொடராகச் சேர்த்தால் வேகம் கூடும். ஜீனரின் அளவு, ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டர் தாங்கும் எல்லைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவே.

அடுத்த கேள்வி, இந்தக் காவலனுக்கு யார் சோறு போடுவது என்பது. மின்வழங்கியின் கோளாறிலிருந்து காக்கும் சுற்று, அதே மின்வழங்கியை நம்பி இருந்தால் என்ன ஆகும்? முதல் விதி: மின்சாரம் கிடைத்தால் மட்டுமே ரிலே ஸ்பீக்கரை இணைக்க வேண்டும். பட்டினி கிடந்தால் துண்டித்துவிட வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தவர்களும் உண்டு. இரண்டாவது: டிரான்ஸ்ஃபார்மரில் தனியாக ஒரு சிறு சுற்று இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் அதே ஏசியிலிருந்து ஒரு டயோடும் ஒரு சின்னக் கெபாசிட்டரும் வைத்துத் தனி வழி அமையுங்கள். சின்னதாக இருப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுவிட்சை அணைத்ததும் 10,000 மைக்ரோஃபாரட் பெரிய கெபாசிட்டர்கள் வடிய நேரமாகும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வடியாது. அந்தத் தள்ளாட்டத்தில்தான் அணைக்கும்போது 'டப்' என்று வரும். காவலனின் சின்னக் கெபாசிட்டர் அதற்கு முன்பே வடிந்து ரிலே விழுந்துவிடுமானால், தள்ளாட்டம் ஸ்பீக்கருக்குத் தெரியாது. அதே மாதிரி சுவிட்ச் போட்டபின் மூன்று நான்கு நொடி கழித்து ரிலே சேர்ந்தால் போதும்.

ரிலேயை இரண்டு வழங்கிகளுக்கும் குறுக்கே மாட்டிவிட்டால், ஒன்று போனதும் அதுவாக விழுந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. விழாது. ரிலே சேருவதற்கு அதன் அளவில் முக்கால் பங்கு மின்னழுத்தம் தேவை. சேர்ந்தபின் அதைவிட மிகக் குறைவாக இருந்தாலும் பல ரிலேக்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பாதி மின்னழுத்தம் அதற்கு ராஜபோகம். ஒவ்வொரு பக்கத்தையும் ஜீனரும் டிரான்சிஸ்டரும் கொண்டு தனித்தனியே கண்காணிப்பதுதான் வழி. அப்படிச் செய்தால், டிசி வெளிவாய்க்கு வந்து 32 மில்லிசெகண்ட் காத்திருக்கும் முன்பே, காரணம் தெரிந்த கணத்தில் ரிலேயை விழவைக்கலாம்.

இத்தனையையும் பற்றவைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, என்.இ.சி. நிறுவனம் வடிவமைத்த யூ.பி.சி.1237 என்ற எட்டுக் கால் சில்லு இருக்கிறது. டிசியைக் கண்டுபிடிப்பது, தொடக்கத் தாமதம், மின்சாரம் போனதை உணர்வது, ரிலேயை இயக்குவது எல்லாம் அதற்குள் உண்டு. அதை வைத்துச் செய்த மலிவான பலகைகளில் நான் பார்த்தவற்றில் பல, ஓய்வு முனையைப் பூஜ்யத்துக்கு இணைக்காமலே விட்டிருந்தன. மின்சாரம் போனதை உணரும் காலும் சும்மா கிடந்தது. வாங்கினால் பலகையைத் திருப்பிப் பார்த்து, விட்டதை நாமே இணைத்துக்கொள்ளலாம்.

ரிலேக்குப் பதிலாக இரண்டு மாஸ்ஃபெட்களை எதிரெதிராகத் தொடரில் வைப்பதும் இப்போது பரவலாகிவிட்டது. எதிரெதிராக வைப்பது, ஒவ்வொன்றின் உள்ளேயும் தவிர்க்க முடியாத ஒரு டயோடு இருப்பதால். ஒன்று மட்டும் வைத்தால் ஒரு திசையில் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். மின்பொறி இல்லை, தேய்மானம் இல்லை. 50 வோல்ட்டுக்கு மேல் போகிறவர்கள் இதையே நாடலாம் என்பது என் கருத்து. வெளிவாயையே ட்ரையாக் கொண்டு பூஜ்யத்தோடு அடித்துக் கட்டிவிடும் முறை ஒன்றும் உண்டு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போலத் தெரியும். இங்கே மூட்டைப்பூச்சியின் இடத்தில் விலையுயர்ந்த ஸ்பீக்கர் இருப்பதால் பழமொழி சரியாகப் பொருந்தவில்லை. அவசியமானால் ரிலேக்குத் துணையாக வைக்கலாம்.

கண்டம் விட்டுக் கண்டம் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. டொராய்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள் பலவற்றில் 115 வோல்ட் முதன்மைச் சுற்றுகள் இரண்டு இருக்கும். அமெரிக்காவில் இரண்டையும் இணையாகவும், இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் தொடராகவும் கட்ட வேண்டும். இணையாகக் கட்டியதை 230 வோல்ட்டில் செருகினால், முதன்மை ஃப்யூஸ் நல்ல நிலையில் இருந்தால் அது அறும். அதற்குப் பதில் யாரோ கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தொடராக மாற்றிவிட்டால் மட்டும் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று கணக்கிட்டுச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் உறுமும், சூடாகும். '50/60' என்று மேலே எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எந்த நாடானாலும் உலோகப் பெட்டியை எர்த்தோடு இணைத்தே தீர வேண்டும். 'ஹம்' சத்தம் போவதற்காக எர்த் கம்பியை வெட்டச் சொல்லும் யோசனை அடிக்கடி காதில் விழும். அதைக் கேட்காதீர்கள், அங்கே பணயம் வைப்பது ஸ்பீக்கரை அல்ல.

எல்லாம் பற்றவைத்து முடிந்தபின் ஸ்பீக்கரை உடனே மாட்டக் கூடாது. நம்மூர் எலெக்ட்ரீஷியன்கள் செய்வதுபோல, வீட்டு மின்சாரத்துக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஒரு டங்ஸ்டன் பல்பைத் தொடராகப் போட்டு முதன்முறை சுவிட்ச் போடுங்கள். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நலம். விடாமல் எரிந்தால் எங்கோ குறுக்கிணைப்பு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அமெரிக்காவில் 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சாதாரண டங்ஸ்டன் பல்புகள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. சமையல் அவனுக்குள் போடும் 40 வாட் பல்பு இன்னும் கிடைக்கிறது, முதல் சோதனைக்கு அது போதும். பிறகு பல்பை எடுத்துவிட்டு வெளிவாயில் மல்ட்டிமீட்டரை வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி.

கடைசியாகக் காவலனுக்குத் தேர்வு. ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிட்டு, பாதுகாப்புச் சுற்றின் உள்வாயில் ஒரு 9 வோல்ட் பேட்டரியைத் தொடுங்கள். ரிலே விழும் 'டிக்' கேட்க வேண்டும். எடுத்தால் சில நொடிகளில் மறுபடி சேர வேண்டும். பேட்டரியைத் திருப்பிப் பிடித்து மீண்டும் ஒருமுறை. ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் காவலன் பாதி நாள் தூங்குபவன். அடுத்து 8 ஓம் ரெசிஸ்டரை ஸ்பீக்கரின் இடத்தில் மாட்டி, ஆம்ப்ளிஃபயரை அணைத்து, உள்ளே ஒரு பக்கத்து ஃப்யூஸை வேண்டுமென்றே எடுத்துவிட்டு சுவிட்ச் போடுங்கள். ரிலே சேரக் கூடாது. மறுபக்கத்து ஃப்யூஸுக்கும் இதே சோதனை. ஒவ்வொரு முறையும் கை வைப்பதற்கு முன் பெரிய கெபாசிட்டர்கள் வடிந்துவிட்டனவா என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு தேர்விலும் தேறினால் ஸ்பீக்கரை மாட்டலாம்.